பூநாரைக்கு இத்தனை சிவப்பு எதற்கு?

பழவேற்காடு ஏரி என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது பூநாரை. அப்படி வரும் படங்களில் பலவற்றில் பறவை செம்பருத்தி நிறத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் இந்த ஏரிக்கு வருவது பெரும்பூநாரை. அதன் உடல் கிட்டத்தட்ட வெள்ளை. உற்றுப் பார்த்தால்தான் இளஞ்சிவப்பு தெரியும். இறக்கையை விரிக்கும்போது மட்டும் உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பும் கருப்பும் பளிச்சென்று வெளிப்படும். இளம் பறவைகள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். உடல் முழுக்கச் சிவந்த பூநாரை கரீபியத் தீவுகளின் பக்கம் வாழும் வேறு இனம். பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள்தான் இரண்டுக்குமே நிறம் தருகின்றன. ஆனால் பழவேற்காட்டுப் பறவையைக் கரீபியப் பறவையாக மாற்றுவது தீனி இல்லை. எடிட்டிங் மென்பொருளில் வண்ணச் செறிவைக் கூட்டும் ஒரு சிறு பட்டை. அதை வலப்பக்கம் இழுத்தால் பறவை சிவக்கிறது, தண்ணீர் நீலமாகிறது, வானம் ஆரஞ்சாகிறது, தோணியில் நிற்பவரின் உடல் செம்பில் வார்த்தது போலாகிறது. படம் அழகாகத்தான் இருக்கிறது. அது பழவேற்காடாக இல்லை என்பதே குறை.

பொழுதுபோக்குப் படக்காரர்களின் ஆர்வக்கோளாறு என்று இதை விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், இந்த ஏரியைப் படம் எடுப்பவர்களும் திருத்துபவர்களும் வெளியிடுபவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் என்பது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் மிச்சம், அவர்களுடைய கல்லறைகள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறும் ராக்கெட், பூநாரை ஆகியவற்றைத் தேடித்தான் கேமராக்கள் வருகின்றன. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக நடக்கிறது. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியை நம்பியவர்களின் பிழைப்பே முடங்குகிறது. இவையெல்லாம் படங்களில் பின்னணியாகவோ, முகம் தெரியாத நிழலுருவமாகவோ வந்துபோகின்றன. ஆகவே இந்த ஊர்களின் பிள்ளைகள் போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். அதோடு, இன்று அது சொல்லித்தரப்படும் வரிசையைத் தலைகீழாக மாற்றியே கற்றுக்கொள்ள வேண்டும். கண்டதைக் கண்டபடி காப்பாற்றுவது முதல் பாடமாகவும், அழகாக்குவது கடைசிப் பாடமாகவும் இருக்க வேண்டும்.

இன்றைய வரிசை எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஃபோட்டோஷாப் தெரிந்தவர்கள் அநேகமாகக் கம்ப்யூட்டர் சென்டரின் டிடிபி வகுப்பிலோ, கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோவிலோ, ஃபிளெக்ஸ் கடையிலோ தொழில் பழகியவர்கள். அங்கே முதல் நாளே சொல்லித்தருவது ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது. அடுத்தது முகத்தை வெளுப்பாக்குவது. பிறகு காதணி விழாவுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் தயாராக வைத்திருக்கும் அச்சில் அந்த முகத்தைப் பொருத்துவது. இந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. அதில் கைதேர்ந்தவர்களின் வேகத்தைப் பட்டணத்து வடிவமைப்பாளர்கள் எட்டிப் பிடிப்பது கடினம். ஆனால் அங்கே பழகுகிறவர் எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைத்தான் மனப்பாடம் செய்கிறார். ஒரு படத்தில் வெளிச்சம் எங்கே இருக்கிறது, எங்கே அழிந்துபோயிருக்கிறது என்று பார்க்கக் கற்பதில்லை. யூடியூப் பாடங்களும் பெரும்பாலும் இதே வழிதான். பத்து நிமிடத்தில் ஒரு வித்தை, அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொரு வித்தை. புதிதாகத் தொடங்குபவர் திரையைத் திறந்ததும் இடப்பக்கம் நெடுக அடுக்கியிருக்கும் கருவிகளைப் பார்த்து மலைக்கிறார். மலைப்பு தீர ஏதாவது ஒரு ஃபில்டரை அழுத்திப் பார்க்கிறார். படம் ‘மாறிவிட்டது’ என்பதையே ‘நன்றாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறார். தாமஸ் நோல் 1987-இல் எழுதத் தொடங்கி, தம்பி ஜானுடன் சேர்ந்து வளர்த்து, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் வெளியிட்ட ஃபோட்டோஷாப்பில், படத்தின் ஒரு பகுதியை வெளிறச் செய்யவும் கருக்கவும் உள்ள கருவிகளின் பெயர்கள் இருட்டறையில் படம் கழுவியவர்கள் பேச்சிலிருந்து வந்தவை. அந்தக் கருவிகளின் வேர் வெளிச்சத்தில் இருக்கிறது. நம் வகுப்புகள் அந்த வேரைத் தொடுவதே இல்லை.

பழவேற்காடு மாதிரி ஓர் இடத்தில் வெளிச்சத்தைத் தொடாமல் ஒரு படத்தையும் திருத்த முடியாது. ஆழம் குறைந்த, பரந்த தண்ணீர்; காலையிலும் மாலையிலும் அது முழுக்கக் கண்ணாடியாக வெயிலைத் திருப்பி அடிக்கிறது. கேமராவில் உள்ள ஒளிமானி, எதைக் காட்டினாலும் அது சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குப் பிரகாசமானது என்று கருதித்தான் கணக்குப் போடும். தகதகக்கும் தண்ணீரைப் பார்த்ததும் ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவு செய்து படத்தைக் கருக்கிவிடும். வெள்ளைப் பறவை சாம்பலாகும், வலை இழுப்பவரின் முகம் கரிக்கட்டையாகும். முகம் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் தண்ணீரின் மினுக்கம் முழுக்க வெள்ளையாக வெந்துபோகும். அப்படி வெந்த இடத்தில் எந்த விவரமும் பதிவாகியிருக்காது, எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. கேமராவின் ரா கோப்பில் 4096 அல்லது 16,384 படிகள் இருக்கும். நிழலில் ஒளிந்திருக்கும் முகத்தை ரா கோப்பிலிருந்து பதமாக வெளியே கொண்டுவர முடிவதும், ஜேபெக்கில் அதையே செய்யும்போது புள்ளி புள்ளியாகச் சிதறுவதும் இதனால்தான். புதிதாகக் கற்பவருக்கு ஹிஸ்டோகிராம் எனும் அந்தச் சிறு மலைபோன்ற வரைபடத்தைப் படிக்கச் சொல்லித்தந்தால், இடக்கோடியில் குவிந்திருப்பது இருட்டு, வலக்கோடியில் முட்டி நிற்பது வெந்துபோன வெளிச்சம் என்பது ஒரு பிற்பகலில் பிடிபட்டுவிடும். அதன்பின் கர்வ்ஸ் என்ற ஒரே கருவியால் பாதி வேலை முடியும். அடிவானம் கோணலாக இருந்தால் நேராக்கப் பழகுவதற்கும், கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத பரந்த தண்ணீரைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. இன்னொன்று: வெட்ட வெளியில், கைபேசித் திரையின் பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்துகிறவர் படத்தைத் தப்பாகவே மதிப்பிடுவார். நிழலில் உட்கார்ந்து, திரையைப் பாதிப் பிரகாசத்தில் வைத்துத் திருத்த வேண்டும். செலவில்லாத பாடம், எந்த வகுப்பிலும் முதலில் சொல்லப்பட வேண்டியது.

நிறத்தைச் சரிசெய்வதில் தொழில்நுட்பத்தைத் தாண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கோடாக் நிறுவனம் வண்ணப்படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டைகளில் பல ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி. கருத்த தோல் விவரமிழந்து வந்தாலும் அது ஃபிலிமின் குறையாகக் கருதப்படவில்லை. 1970-களில் மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் நிறுவனம் ஃபிலிமைத் திருத்த முனைந்தது என்பதை லோர்னா ராத் என்ற கனடிய ஆய்வாளர் எழுதியிருக்கிறார். மனிதர்களுக்காக நடக்காத மாற்றம் மரத்துக்காக நடந்தது. அந்த அட்டைகள் போய்விட்டன; கைபேசியின் ‘பியூட்டி’ ஃபில்டர் வந்துவிட்டது. தோலை வழவழப்பாக்குவதும் வெளுப்பாக்குவதும் அதில் ஒன்றாகவே நடக்கின்றன. வெயிலிலும் உப்பிலும் உழைக்கிற ஒரு சமூகத்தின் பிள்ளை, தன் அப்பாவின் முகத்தை வெளுப்பாக்குவதுதான் எடிட்டிங்கின் முதல் படி என்று கற்றுக்கொண்டால், அந்தக் கல்வி அவருக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்பதைச் சரியாகச் சொல்லித்தந்தால் இந்தக் கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது. படத்தில் வெள்ளை என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை, தோளில் கிடக்கும் துண்டையோ, ஐஸ் பெட்டியின் தெர்மோகோலையோ, அளவாக வைத்து நிறத்தைச் சரிசெய்தால், முகம் தன் சொந்த நிறத்துக்குத் தானாகவே வந்துவிடும். கருப்பைக் கருப்பாக, அதன் அத்தனை சாயல்களோடு காட்டுவது வெளுப்பாக்குவதைவிடக் கடினமான வேலை. அதனால்தான் அதை முதலிலேயே கற்க வேண்டும்.

மூலக்கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்ற ஒழுங்கை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் அடித்து வரப்பட்டு ஏரிக்குத் தெற்கே உள்ள எண்ணூர் முகத்துவாரத்தை நிறைத்தபோது, கருப்பு பூசிய படகுகளையும் வலைகளையும் பறவைகளையும் வெளியுலகம் பார்த்தது பெரும்பாலும் கைபேசிப் படங்கள் வழியாகத்தான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு நேரத்தில் கருப்பை இன்னும் கருப்பாகக் காட்டலாம் என்று ஒருவர் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால், உண்மையை மறுக்க நினைப்பவர் கையில் அவரே ஆயுதத்தைக் கொடுக்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்கும்போது சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு நீண்ட எண். படத்தில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்குகிறது, எடுத்த நாளும் நேரமும் இடமும் அடங்கிய உள்விவரம் அழிகிறது. அதையே டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேருகிறது. இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனையோ நல்ல படங்கள் வெறும் செய்தியாக வந்து மறைந்திருக்கும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் குறித்தும், முகத்துவாரம் தூர்வது குறித்தும் வாதம் ஓயாத ஒரு கடற்கரையில், நாள் குறித்த, மாசுபடாத, ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த படத்தொகுப்பு அந்த ஊர் மக்களின் கையிலேயே இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சான்றாக நிற்க வேண்டும் என்றால் எடிட்டிங்கே எதற்கு, எடுத்தபடியே விட்டுவிடலாமே? திருத்துவது என்றாலே பொய் சேர்ப்பதுதானே? இந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றில் ஆதாரங்கள் நிறையவே உண்டு. 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை எகிப்தின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. 2006-இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படமொன்றில் புகையை நகலெடுத்துப் பெருக்கிய ஒரு படக்காரரை ராய்ட்டர்ஸ் விலக்கியது. அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. நம் ஊருக்கே வந்தால், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படத்தில், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி வேறொரு படத்திலிருந்து ஒட்டப்பட்டது என்று தெரிந்து, பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதை நீக்கி வருத்தம் தெரிவித்தது. இவை எல்லாவற்றிலும் நடந்தது ஒன்றுதான்: காட்சியில் இல்லாதது சேர்க்கப்பட்டது, அல்லது இருந்தது இடம் மாற்றப்பட்டது. வெளிச்சத்தைச் சரிசெய்வதையும் ஓரத்தை வெட்டுவதையும் உலகின் பெரிய செய்தி நிறுவனங்கள் அளவோடு அனுமதிக்கின்றன. காரணம் எளிது. எடுத்தபடியே இருக்கும் படமும் ஒரு முடிவுதான், அந்த முடிவை எடுத்தது கேமராவின் ஒளிமானி. அது முகத்தைக் கரிக்கட்டையாக்கியிருந்தால் அதுவும் பொய்தான். ஓரத்தை வெட்டுவதில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஏரிக்குத் தெற்கே எண்ணூர்ப் பக்கம் எடுத்த பறவைப் படத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கியை வெட்டி எறிந்தால் ஒரு புள்ளியும் மாறவில்லைதான். ஆனால் பார்ப்பவர் வேறோர் ஊரைப் பார்க்கிறார். எதை வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று சொல்லத் தெரிந்தவரே திருத்தத் தெரிந்தவர். எல்லை எங்கே என்று தெரியாமல் எல்லைக்குள் நிற்க முடியாது. அதைக் கற்க எடிட்டிங்கைக் கற்றே ஆக வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் காலத்துக்கேற்றது. கைபேசியே எல்லாவற்றையும் செய்கிறது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, வாயால் சொன்னால் படம் திருந்துகிறது. இனி யார் கர்வ்ஸ் கற்பார்கள்? கைபேசி செய்கிறது என்பது உண்மை. ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, நிழலையும் வெளிச்சத்தையும் கோத்து ஒன்றாக்கித் தருகிறது; பழவேற்காட்டுக் காலை வெளிச்சத்தில் அது பெரிய உதவியும்கூட. ஆனால் 2023 மார்ச்சில் வெளிவந்த ஒரு சோதனையை நினைவுபடுத்துகிறேன். வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்துச் சாம்சங் கைபேசியால் ஒருவர் படம் எடுத்தார். மூலத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தெளிவாக விழுந்தன. நிலா எப்படி இருக்கும் என்று கருவிக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் நிரப்பிவிட்டது. பூநாரை எப்படி இருக்கும் என்றும் அதற்குத் ‘தெரியும்’. இணையத்தில் இறைந்து கிடக்கும் சிவந்த படங்களிலிருந்து கற்றிருக்கும். மீனவர் எப்படி இருப்பார், கடற்கரை எப்படி இருக்கும் என்பதும் அப்படியே. பழவேற்காட்டைப் பற்றி இதுவரை சேர்ந்த பொய்களின் சராசரியைத்தான் இந்தக் கருவிகள் திருப்பித் தரும். ஆளை வெட்டி எடுப்பதையும் பின்னணி மாற்றுவதையும் இனி இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அதனால்தான் அந்த வேலையை முதல் பாடமாக வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்கிறேன். இயந்திரம் சேர்த்ததைப் பார்த்து ‘இது எங்கள் ஏரியில் கிடையாது’ என்று சொல்லும் கண்ணும், திரும்ப மூலக்கோப்புக்குப் போகத் தெரிந்த கையும்தான் மிஞ்சப்போகும் திறமை. அந்தக் கண், அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பிறப்பிலேயே இருக்கிறது.

செலவும் ஆங்கிலமும் தடை என்பார்கள். ஃபோட்டோஷாப் 2013-இலிருந்து மாதச் சந்தாவாக மாறிவிட்டது. மீன்பிடிக் குடும்பத்தின் நிச்சயமற்ற வருமானத்தில் அது கட்டுப்படியாகாது, திருட்டு நகலை வைத்துப் பழகுங்கள் என்று ஒரு கட்டுரையாளர் சொல்லவும் முடியாது. தேவையும் இல்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கிய கிம்ப், இலவசமாகவும் யார் வேண்டுமானாலும் பகிரும் உரிமையோடும் கிடைக்கிறது. 2025 மார்ச்சில் வந்த அதன் 3.0 பதிப்பில், மூலப்படத்தைக் குலைக்காமல் விளைவுகளைச் சேர்க்கவும் பின்னர் நீக்கவும் வசதி வந்துவிட்டது. மூலக்கோப்பைத் தொடக் கூடாது என்று நான் சொன்ன ஒழுங்குக்கு இது பெரிய துணை. ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள் இருக்கிறது. கணினியே இல்லாதவர்களுக்குக் கைபேசியில் ஸ்னாப்சீட் போதும். கர்வ்ஸும் ஒயிட் பேலன்ஸும் அதில் உண்டு, அதுவும் இலவசம். பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. கருவி வந்தது, அதை வைத்து என்ன கற்பது என்பது வரவில்லை. மொழியைப் பொறுத்தவரை, கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதும் கணியம் இதழ் 2012-இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. தமிழில் தொழில்நுட்பம் சொல்ல முடியாது என்பது பழைய சாக்கு. கர்வ்ஸ், லேயர், கிராப் என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தைத் தமிழில் சொன்னாலே போதும். ‘என்ஜின்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு அதைப் பிரித்துப் பூட்டவும் பழகிய கடற்கரைக்கு இது புதிதில்லை.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. முகத்துவாரம் அடைபடுகிறது, மீன்வளம் குறைகிறது, இந்த நேரத்தில் மீனவப் பிள்ளைகளுக்குப் போட்டோ எடிட்டிங்கா என்று அந்த ஊர்ப் பெரியவர்களே கேட்கலாம். முகத்துவாரம் தூர்வாருவதற்குப் பதிலாக ஒரு வகுப்பு என்று யாராவது சொன்னால் அதை முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். எடிட்டிங் கற்ற எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்றும் நான் வாக்குறுதி தரவில்லை. அப்படித் தருகிற விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஆனால் சிறு அளவிலான பயன்கள் கண்முன்னே இருக்கின்றன. பழவேற்காட்டில் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். சாயம் ஏற்றிய ஓலையின் சரியான நிறம் படத்தில் வராவிட்டால், தொலைவிலிருந்து வாங்குபவர் ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றைப் பெறுகிறார்; அடுத்த முறை வாங்குவதில்லை. களிநண்டையும் கருவாட்டையும் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து விலை பேசும் காலம் வந்துவிட்டது. நிறம் திரிந்த படம் நல்ல சரக்கையும் பழைய சரக்காகக் காட்டும். செவுளைச் சிவப்பாக்கிய படம் பழைய சரக்கைப் புதிதாகக் காட்டும். முதலாவது விற்பவருக்கு நட்டம், இரண்டாவது வாங்குபவருக்கு மோசடி. இரண்டையும் தவிர்க்க ஒரே பாடம்தான். இதைத் தாண்டிப் போகிறவர்களும் வருவார்கள். மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனிக்குமார், ‘பாரி’ என்று அறியப்படும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞராக உயர்ந்து, பிறகு உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கேமரா சொல்லித்தருகிறவராகவும் ஆனார். கேமராவைக் கொடுத்தால் அவர்கள் எடுப்பார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது. எடுத்த படத்தின் கடைசி வடிவத்தை யார் தீர்மானிப்பது என்பதே மீதியிருக்கும் பாதி. அந்தப் பாதியை இன்னொருவரிடம் விட்டால், அவர் வானத்தை ஆரஞ்சாக்கித்தான் திருப்பித் தருவார்.

இதைத் தொடங்கப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. அரசுப் பள்ளியின் கணினி அறை, ஊர்ப்புற நூலகத்தின் ஒரு மேசை, உப்புக்காற்று படாமல் மூடி வைக்க ஓர் அலமாரி, இரண்டு வன்தட்டுகள் போதும். ஒன்று வேலைக்கு, ஒன்று யாரும் கை வைக்காத மூலக்கோப்புகளுக்கு. ‘பாடு’ முறைப் பட்டியலைத் தலைமுறைகளாகக் காத்துவரும் ஊர் அமைப்புகளுக்கு, யார் எடுத்தது, எந்த நாள், எந்த இடம் என்று எழுதி ஒரு படத்தொகுப்பைக் காப்பது முடியாத காரியமில்லை. எதை வெளியே கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் ஊரே முடிவு செய்யட்டும்: நண்டு கிடைக்கும் இடத்தின் ஜிபிஎஸ் விவரத்தோடு படத்தைப் பொதுவெளியில் போடுவது புத்திசாலித்தனம் இல்லை; தண்ணீருக்குள் நனைந்த உடையோடு இறால் தேடும் பெண்ணின் படத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் போடுவது அநாகரிகம். பள்ளிக் கல்வித் துறை பொன்னேரி வட்டாரத்துக் கடலோரப் பள்ளிகளில் ஒரு கோடை விடுமுறையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்தமுறை பழவேற்காட்டைப் பற்றி ஏதாவது வெளியிடும்போது, கையில் கிடைத்த சிவந்த பூநாரையை எடுத்துப் போடுவதற்கு முன், அந்த ஊர்க்காரர் யாராவது எடுத்துத் திருத்திய படம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர் பெயரைப் போட்டு, உரிய பணத்தைக் கொடுத்து வாங்குங்கள்.